தோட்டத்துத் தாய்மாரின் கைமுதல்



கையில் பெரிய பணம் இல்லை. பிள்ளைகளை விட்டு வெளியே போகவும் வழியில்லை. வீட்டிலிருந்தபடியே என்ன தொழில் செய்யலாம்? பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் எங்களிடம் கேட்கின்ற கேள்வி இது. ஊறுகாய் போடலாம், முறுக்குச் சுடலாம், துணி தைக்கலாம் என்று ஒரு பட்டியல் சொல்லிவிடுவது எளிது. ஆனால் நம் பாட்டிமார்கள் இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டவர்கள். அந்த விடை எங்கே நிலைத்தது, எங்கே முறிந்தது என்று தெரிந்துகொண்டால் பட்டியலை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆகவே இன்றைய பேச்சில் தோட்டத்துத் தாய்மாரின் சிறுதொழில் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் கூலியிலிருந்து தொடங்குவோம். 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு அரசாங்கம் ஒரு தரக்கூலியை விதித்தது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மரத்தை ஒரே கத்தியால் வெட்டினாலும் பெண்ணின் நாள் 10 காசு மலிவு. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்ததும், 1930-ஆம் ஆண்டில் அதுவும் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். தங்கியவர்கள் குறைந்த கூலியில், குறைந்த நாள் வேலையில் குடும்பம் நடத்தினர். அத்துடன், மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளுக்குப் பெரும்பாலும் கூலியும் இல்லை.

அப்படியானால் அடுப்பு எரிந்தது எதனால்?

கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் சட்டம் பல கடமைகளை முதலாளிமார் மேல் வைத்தது. பள்ளிக்குப் போகும் வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது அவற்றுள் ஒன்று. எங்களைப் போன்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்களின் பிழைப்பு அந்த விதியில் வேர்விட்டது. அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு விதியும் உண்டு. குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் காய்கறி போடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அது. பதினாறில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டங்களிலும் இது ஒழுங்காக நடந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் ஒரு வேலி, வேலிக்குள் முருங்கை, கத்தரி, வெண்டை, கீரைப் பாத்தி, ஓரத்தில் ஆட்டுக்கொட்டகை என்ற காட்சி பல தோட்டங்களில் இருந்தது. தோட்டத்துப் பெண்ணின் முதல் கடை அந்தக் கொல்லைதான்.

அவளுக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பால் குளிர்ந்த காலையில்தான் நன்றாக இறங்கும் என்பதால் விடியுமுன் பெரட்டு. பிள்ளை ஆயாக்கொட்டகையில். வெட்டு முடிந்து, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, வாளியை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது நண்பகல் கடந்துவிடும். மற்றவர்கள் சற்றுத் தலை சாய்க்கும் அந்தப் பிற்பகலில்தான் அவளுடைய இரண்டாவது வேலை தொடங்கும். ஓய்வு நேரத் தொழில் என்று இன்று அழகாகப் பெயர் வைக்கிறோம். ஓய்வை விற்ற தொழில் அது.

இந்தத் தொழில்களுள் முதலிடம் பசுவுக்குத்தான். பால்மரங்களுக்கு இடையில் வளரும் புல் காசில்லாத் தீவனம். தவிடும் புண்ணாக்கும் மட்டும் கடையில் வாங்க வேண்டும். கறந்த பால் போத்தல் கணக்கில் கிராணி வீட்டுக்கும், டிரஸ்ஸர் வீட்டுக்கும், பட்டணத்துக் கோப்பிக் கடைக்கும் போகும். சாணம் கொல்லைக்கு உரம். கன்று ஈன்றால் அது வட்டி. இந்தியாவிலிருந்து வந்த மாட்டு வகைகளின் வழித்தோன்றல்கள் பின்னாளில் இந்நாட்டுக் கால்நடைத் துறையால் உள்நாட்டு இந்தியக் கறவை மாடு என்ற தனி வகையாகவே குறிக்கப்பட்டன. அந்த வகை நிலைத்ததில் தோட்டத்துக் கொட்டகைகளுக்கும் பங்குண்டு.

பசு வாங்கப் பணமில்லாதவள் என்ன செய்வாள்? நம் ஊர் வழக்கத்தில் வாரத்துக்கு வளர்ப்பது என்று ஒரு முறை இருக்கிறது. மாடு ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. ஈனும் கன்றுகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மலாய்க்காரர்களிடமும் இதே முறை 'பாவா' என்ற பெயரில் உண்டு. ஒரு காசு முதல் இல்லாமல் ஒரு தாய் மாட்டுக்காரியாகும் வழி இது. கடனுக்கு வட்டி இல்லை, கன்றுதான் வட்டி. மாடு செத்தால் இழப்பு இருவருக்கும். சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்களின் திட்டங்களைப் படிக்கும்போது, இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆடும் கோழியும் வேறு வகை. பசு நாள்தோறும் காசு தரும். ஆடு, வேண்டியபோது காசாகும். தீபாவளிக்கும், கோயில் திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும் ஆட்டுக்குக் கிராக்கி உண்டு. பிள்ளையை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால் ஓர் ஆடு, பெண்ணுக்குத் தோடு எடுக்க வேண்டுமானால் இரண்டு ஆடு என்று தாய்மார்கள் மனத்துக்குள் கணக்கு வைத்திருப்பார்கள். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனபோது கொண்டுபோன பெட்டியும் காலணியும் அம்மா வளர்த்த இரண்டு கிடாய்களின் விலை. பெண்கள் கணவனுக்கும் தெரியாமல் சேர்க்கும் சிறுபணத்துக்குத் தமிழில் சிறுவாடு என்று ஒரு சொல் உண்டு. தோட்டத்தில் சிறுவாட்டுக்கு நான்கு கால் இருந்தது. அதை உண்டியலைப்போல் உடைத்துக் கள்ளுக்கடைக்கு எடுத்துப் போக முடியாது என்பது அதன் தனிச்சிறப்பு. நான் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து வந்தது போர். 1942-இல் நாடு ஜப்பானியர் கைக்குப் போனது. ரப்பருக்கு வாங்குவார் இல்லை. சயாம் - பர்மா இரயில் பாதை போடப் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர்கள் மிகப் பலர். லயங்களில் தாயும் பிள்ளைகளும் மட்டுமே எஞ்சிய வீடுகள் எத்தனையோ. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்கு உயிர் காத்தது. காய்கறிக்காக விட்ட கொல்லை இப்போது கஞ்சிக்கான கொல்லையாயிற்று. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் 1945-இல் ஒரே நாளில் வெறுங்காகிதமாயின. நோட்டாகச் சேர்த்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கோழியாகவும் ஆடாகவும் வைத்திருந்தவர்களுக்கு ஏதோ மிஞ்சியது. வயதான தாய்மார்கள் வங்கியைவிட நகையையும் கால்நடையையும் நம்பியதைப் படிக்காத தனம் என்று நாம் நினைப்பதுண்டு. அவர்கள் பட்டறிந்ததைத்தான் நம்பினார்கள்.

1948-இல் அவசரகாலம். தோட்ட லயங்கள் பல முள்வேலிக்குள் ஒருங்கு கூட்டப்பட்டன. காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போய்விடக்கூடாது என்று வாசலில் சோதனை; வேலைக்காட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போவதற்கே தடையிருந்த இடங்கள் உண்டு. அப்படியிருக்க, கூடையில் பலகாரம் வைத்துக்கொண்டு அடுத்த பிரிவுக்கு விற்கப் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1960-இல் அவசரகாலம் முடிந்தது.

இனி அடுப்படித் தொழிலுக்கு வருவோம். தோசை, இட்லி, அப்பம், வடை, கொழுக்கட்டை என்று பசியாறலுக்கு விற்பது இன்றும் நம் பெண்களுக்கு முதலில் தோன்றும் தொழில். வேண்டிய முதல் ஒரு நாள் அரிசி, உளுந்து, எண்ணெய். இவ்வளவு எளிதாகத் தொடங்கக்கூடியது வேறில்லை. இவ்வளவு எளிதாக முழுகிப்போவதும் வேறில்லை. காரணம் சமையலில் இல்லை. வாங்குகிறவர்கள் எல்லாரும் அதே லயத்துக்காரர்கள். அவர்களுக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. ஆகவே பலகாரம் கடனுக்குத்தான் போகும். சாமான் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தால் அவர் விலையில் அதற்கும் சேர்த்து வைத்துக்கொள்வார். பலகாரக்காரி, அக்கா தங்கை முறை சொல்லும் பக்கத்து வீட்டுக்காரியிடம் அப்படி வைக்க மாட்டாள்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு தாய் நாளொன்றுக்கு 10 வெள்ளிச் சாமான் போட்டு 15 வெள்ளிக்கு விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கைக்காசுக்கு விற்றால் அந்த 10 வெள்ளியே மாதம் முழுவதும் சுழன்றுகொண்டிருக்கும். கடனுக்கு விற்றால் 26 நாள் வேலைக்கு 260 வெள்ளி அவள் கையிலிருந்து போன பிறகுதான் முதல் காசு திரும்பும். சிறுமுதல் தொழில் என்று தொடங்கியது பெருமுதல் தொழிலாகிவிட்டது. மாதம் முழுவதும் விற்றது 390 வெள்ளி, மிச்சம் 130 வெள்ளி. வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தராமல் இழுத்தால் அந்த 130 வெள்ளியும் போயிற்று. அம்மா எவ்வளவோ பாடுபட்டாள், ஆனால் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பிள்ளைகள் சொல்லும் கதைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது.

தையல் இதற்கு நேர்மாறானது. துணி வாங்குகிறவருடையது. அளவு கொடுப்பவர் துணியோடு வருகிறார். தாயின் முதல் நூலும் ஊசியும் உழைப்பும் மட்டுமே. மிஷின்தான் பெரிய செலவு. சிங்கர் நிறுவனம் தையல் மிஷினைத் தவணை முறையில் விற்றதால், மாதக் கூலிக்காரி வீட்டிலும் அது நுழைந்தது. தவணைக்கு வழியில்லாத இடத்தில் கூட்டுப் போட்டார்கள். பத்துப் பெண்கள் மாதம் 10 வெள்ளி போட்டால் மாதம் ஒருத்திக்கு 100 வெள்ளி. வட்டியில்லை, பத்திரமில்லை, கையெழுத்தில்லை. தலைப்பெண் நாணயமாக இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். அவள் இரவோடிரவாக வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் பத்து வீட்டு அழுகை. கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டில் வந்த சட்டம் தடை செய்தது. ஏமாந்தவர்களை நினைக்கும்போது அந்தச் சட்டம் வந்தது நல்லதே. ஆயினும், பெண்களுக்கு அந்தக் கூட்டின் இடத்தில் வேறு எதையும் அப்போது யாரும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

துணியைக் கொண்டுவருகிறவர் வாங்குகிறவர் என்னும் இந்த முறையைத் தாய்மார்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பொருள் வாங்குகிறவருடையது, உழைப்பு நம்முடையது என்று அமையும் தொழில்களுக்கு முதல் குறைவு. கடன் நிலுவையால் அசலே போய்விடும் பயமும் குறைவு. மிளகாய் மல்லியை அவர்களே கொண்டுவர மசாலை அரைத்துக் கொடுப்பது, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, தீபாவளிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு முறுக்குச் சுட்டுக் கொடுப்பது எல்லாம் இந்த இனம்.

மறுபடியும் வரலாற்றுக்கு வருவோம். விடுதலைக்கு முன்னும் பின்னும் ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். வேலையும் லயமும் ஒன்றாகப் போயின. இதற்கு மாற்றாகத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அந்தக் காசில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சிடிம். அந்த மாதப் பத்து வெள்ளியில் எத்தனை வீட்டில் பால் காசும் முட்டைக் காசும் கலந்திருந்தன என்பதை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்பினார்கள். பசுவைக் கப்பலில் ஏற்ற முடியாது. கிடைத்த விலைக்கு விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இருந்தவர்களுக்கு வேறு மாற்றம் வந்தது. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இளஞ்செம்பனைக் குருத்தை மாடு கடித்துவிடும். ஆகவே மாட்டை உள்ளே விடாதே என்றது நிர்வாகம். மரம் வளர்ந்த பிறகு நிழலில் புல் குறைந்தது. மிஞ்சிய புல்லுக்கு மருந்தடித்தார்கள். அந்த மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து அடித்தவர்களும் பெரும்பாலும் நம் பெண்களே. தன் பசு மேய வேண்டிய புல்லைத் தானே கருக்குவதற்குக் கூலி வாங்கும் நிலை தோட்டத்துத் தாய்க்கு வந்தது. அப்படி அடித்த மருந்துகளுள் கொடியதான பாராகுவாட் இந்நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020-ஆம் ஆண்டில்தான்.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1970-களில் கால்நடைத் துறை பால் சேகரிப்பு நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. பாலை அளந்து, தரம் பார்த்து, புத்தகத்தில் எழுதிப் பணம் கொடுத்தார்கள். போத்தல் கணக்கில் வாய்ச்சொல்லாக நடந்த வியாபாரம் முதன்முறையாக எழுத்துக்கு வந்தது. ஆனால் நிலையத்துக்குப் பால் ஊற்றியவர்களில் பலர் தோட்ட நிலத்தில் மாடு வைத்திருந்தவர்கள். நிலம் அவர்களுடையதன்று.

அதன் விளைவு தோட்டங்கள் விற்கப்பட்டபோது தெரிந்தது. 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வேலை நிறுத்தப்படும் தொழிலாளிக்கு, 2 ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்திருந்தால் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டு வரை 15 நாள். அதற்கு மேல் 20 நாள். தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் திடல்களுக்கும் மாறிய 1980-களிலும் 1990-களிலும் பல குடும்பங்கள் இந்தக் கணக்கில் கணக்குத் தீர்க்கப்பட்டன. இருபது ஆண்டு பால்வெட்டுக்கு ஒரு தொகை வந்தது. இருபது ஆண்டு மாட்டுக்கொட்டகைக்கு? கொல்லைக்கு? காய்த்துக்கொண்டிருந்த முருங்கைக்கு? அந்த விதிமுறையில் அவற்றுக்கு ஒரு வரியும் இல்லை. குடும்ப வருமானத்தில் கணிசமான பங்கு கொடுத்த தொழில், கிராணியின் பேரேட்டில் ஏறாத தொழில். ஆகவே அழிந்தபோதும் அது இழப்பாகக் கணக்கிடப்படவில்லை. நம் பெண்களிடம் திறமை குறைவு, முயற்சி குறைவு என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். திறமை இருந்தது. காலுக்கடியில் நிலமும் கையில் கணக்கும்தான் இல்லை.

நம் தாய்மார்கள் லயத்தில் தனித்தனியே பலகாரம் விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், பம்பாயில் ஏழு பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர்களும் படித்தவர்கள் அல்லர், வசதியுள்ளவர்களும் அல்லர். 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், கிர்காம் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். முதல் 80 ரூபாய். அதையும் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூகத் தொண்டரிடம் கடனாக வாங்கினார்கள். முதல் நாள் இட்டது நான்கு கட்டு அப்பளம். ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் என்ற அம்மையார் அவர்களுள் ஒருவர்.

மலிவாக ஒன்று, உயர்வாக ஒன்று என்று இரண்டு தரத்தில் அவர்கள் போட்டபோது, ஒரே தரம்தான், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்றார் பாரேக். தானம் வாங்காதீர்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றும் வற்புறுத்தினார். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் தொழில் நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டிக் காயவைத்தார்கள். நம் நாட்டு மழையில் வடகம் காயவில்லை என்று கவலைப்படும் தாய்மார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். 1962-இல் லிஜ்ஜத் என்று பெயர் வைத்தார்கள். காலையில் பிசைந்த மாவை வாங்கிப் போய், வீட்டில் அப்பளம் இட்டுக் காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்; கொடுத்ததும் கூலி. இலாபமும் நட்டமும் எல்லாருக்கும் பொது. இன்று 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உரிமையாளர்கள். ஜஸ்வந்திபென் அம்மையாருக்கு 2021-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இதில் என் மனத்தைத் தொடுவது 80 ரூபாய் கோடியான கதையன்று. அப்பளம் இடுகிறவளின் கூலியைச் செலவாக எழுதினார்கள். அதற்குப் பிறகு மிஞ்சியதைத்தான் இலாபம் என்றார்கள். நம் வீடுகளில் நடப்பது வேறு. சாமான் செலவைக் கழித்தால் வருவதெல்லாம் இலாபம் என்கிறோம். முன்பு சொன்ன பலகாரக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 130 வெள்ளி மிச்சம். நாளொன்றுக்கு 4 மணி நேரம் என்றால் 26 நாளுக்கு 104 மணி நேரம். மணிக்கு 1 வெள்ளி 25 காசு. 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி; மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. எரிவாயுவையும் இன்னும் கழிக்கவில்லை. ஆகவே பலகாரமே விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தை உள்ள தாய்க்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். ஆனால் விலை வைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி என்ன விலை வைக்கிறாள் என்று மட்டும் பார்த்தால் இருவரும் சேர்ந்து மூழ்குவார்கள்.

கடன் உதவியைப் பொறுத்தவரை, நம் நாட்டில் இப்போது வழி உண்டு. வங்காளதேசத்தில் 1976-இல் ஜோப்ரா என்ற சிற்றூரில் 42 பேருக்குச் சில்லறைத் தொகை கொடுத்துத் தொடங்கிய முயற்சிதான் கிராமின் வங்கியாயிற்று. அதைப் பார்த்து 1986-இல் வடமேற்குச் சிலாங்கூரில் ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. 1987-இல் அதுவே அமானா இக்தியார் மலேசியா என்ற அறநிறுவனமாயிற்று. பெண்கள் குழுவாகச் சேர வேண்டும். தவணையைக் கூட்டத்திலேயே கட்ட வேண்டும். கூட்டுப் போட்டுப் பழகிய நம் தாய்மார்களுக்கு இது புரியாத முறையன்று. தலைப்பெண் ஓடிவிடும் பயமும் இதில் இல்லை. ஆனால் கடன் வாங்கிப் பலகாரத்தைக் கடனுக்கு விற்பது, ஓட்டை வாளியில் பால் எடுப்பது போன்றது.

இன்று தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்குக் கொல்லை இல்லை. ஆடு மாடு பேச்சு அவர்களுக்குப் பாட்டி கதை. மிஞ்சியவை அடுப்பும் ஊசியும் பிள்ளை வளர்ப்பும். இவற்றுள் எதைத் தொடங்கினாலும் ஒரு வாரம் நின்று கெடாத பொருளாகவும், சொந்த அடுக்குக்கு வெளியேயும் விற்கக்கூடியதாகவும் பார்த்துக்கொள்வது நல்லது. மசாலைத் தூள், ஊறுகாய், அப்பளம், முறுக்கு ஆகியவை இரவுச் சந்தைக்கும் போகும்; மிஞ்சினால் மறுநாளும் விற்கும். இட்லி மிஞ்சினால் வீட்டுக்காரர்தான் சாப்பிட வேண்டும்.

பெயர்ப் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனிகள் ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. வீட்டுக்காரர் பெயரில் போடாதீர்கள். செய்கிறவர் பெயரில் போடுங்கள். பிறகு ஐந்து வெள்ளிக்கு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். பிள்ளையின் பழைய பயிற்சிப் புத்தகத்தில் எஞ்சிய பக்கங்களும் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. யார் யார் கடன் என்பதற்குக் கடைசியில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் ஒதுக்காதீர்கள், நான்கு பக்கம் நிறைந்தால் கடனை நிறுத்துங்கள். செலவுப் பக்கத்தில் அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு, பஸ் கட்டணம் என்று எழுதிய பிறகு அடுத்த வரியில் உங்கள் பெயரை எழுதி, எத்தனை மணி நேரம் என்று போட்டு, அதற்கு நேரே கூலியை எழுதுங்கள்.